டெலிவரி தேதியும் ஆயில் தேதியும்

போன சனிக்கிழமை புது வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டு வந்தேன். மீட்டரில் 1,640 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஜாப் கார்டு எழுதிய தம்பி நிமிர்ந்து பார்த்து, “சார், உங்க மாடலுக்கு 10,000 கிலோமீட்டர் இல்லாட்டி ஒரு வருசம் சார், இப்ப மாத்தணும்னு அவசியமே இல்ல” என்று இரண்டு தடவை சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை, புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இருந்தாலும் மாற்றச் சொல்லி, பில்லில் ஆயில் கிரேடையும் கிலோமீட்டரையும் எழுதி வாங்கி வந்தேன். ஏன் என்று வீட்டிலும் கேட்டார்கள், ஆபீசிலும் கேட்டார்கள். ஆளுக்கொரு தடவை சொல்வதற்கு இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

பழைய வண்டியில் இருந்துதான் தொடங்க வேண்டும். அப்பா 2014-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி, அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. மதுரையில் வீடு திருநகர், வேலை பசுமலை, நடுவில் மூன்று கிலோமீட்டர் சொச்சம். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஆபீஸ், சாயங்காலம் திரும்ப வீடு, வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் கோயில், மாதத்தில் ஒரு நாள் டவுனுக்குள் போய் வருவது, அவ்வளவுதான் அந்த வண்டியின் பாடு. வருடத்துக்கு 2,500 கிலோமீட்டர் வந்தால் அதிகம். வண்டியைக் கசக்காமல் அப்பா வைத்திருந்த மாதிரியே வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில், மீட்டர் இன்னும் அங்கே போகவில்லை, அதனால் ஒரே ஆயிலில் மூன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன். “அல்லது 12 மாதம், எது முன்னால் வருகிறதோ அது” என்று அதே வரியில் இருந்ததை நான் படிக்கவே இல்லை.

போன வருடம் வைகாசியில் போடியில் ஒரு கல்யாணம். விடியக் கிளம்பி, செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் ஏறும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு மின்னியது. மூக்கு நீண்ட எண்ணெய்க் குடுவை, நுனியில் ஒரு சொட்டு, அந்தப் படம். மின்னி மறைந்தது, வளைவில் மறுபடி மின்னியது, அப்புறம் அணையவே இல்லை. “என்னங்க, ஏதோ லைட் எரியுது, ஓரமா நிறுத்துங்க” என்றாள் என் மனைவி. ஆண்டிபட்டியில் கடை இருக்கும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஓட்டினேன். ஊர் வருவதற்கு முன்னாலேயே இன்ஜினுக்குள் இருந்து டக் டக் டக் என்று உரலில் உலக்கை இடிக்கிற மாதிரி சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் சேர்ந்து கூடியது. அவள் சொன்னபோதே நிறுத்தியிருந்தால் அந்த இன்ஜின் பிழைத்திருக்கும் என்று பிறகு மெக்கானிக் சொன்னது இன்னும் என் மனதில் அப்படியே இருக்கிறது.

அந்தச் சிவப்பு விளக்கை ‘ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வசதிப்படும்போது ஊற்று’ என்று சொல்கிற விளக்காக நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆயில் பிரஷர் போய்விட்டது, அதாவது சுழலும் பாகங்களைத் தாங்குகிற பேரிங்குகளுக்கு ஆயில் போகவில்லை, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கிறது என்பது அதன் அர்த்தம். மஞ்சள் விளக்கு பலவற்றுக்கு மெதுவாக ஓட்டி அடுத்த கடையில் காட்டலாம். இதற்கு மட்டும் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி சாவியைத் திருப்பிவிட வேண்டும், பின்னால் லாரிக்காரன் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும் சரி.

வண்டியைக் கட்டி இழுத்து பழங்காநத்தம் பக்கம் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்குக் கொண்டுவந்தோம். அந்த அண்ணன் முதலில் மேலே டாப் கவரைக் கழற்றினார். கவரின் உள்பக்கம் பூராவும் கறுப்பாக, கெட்டியாக, பழைய வெல்லப்பாகு உறைந்த மாதிரி அப்பியிருந்தது. விரலால் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒழுகவில்லை, அப்படியே நின்றது. அப்புறம் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிற குழாயின் வாயில் இருக்கும் சல்லடையைக் காட்டினார். காபி வடிகட்டிக்கு இருக்கிற மாதிரி ஒரு சின்ன வலை. முக்கால்வாசிக் கண்ணை அந்தக் கசடு அடைத்திருந்தது. சமதளத்தில் எப்படியோ உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது, ஏற்றத்தில் இருக்கிற கொஞ்சம் ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் காற்றை உறிஞ்சியிருக்கிறது.

“அண்ணே, பேரிங் மட்டும் மாத்தினா ஆகாதா?” என்று கேட்டேன்.

“பேரிங் மட்டும்னா இந்நேரம் மாத்திக் குடுத்திருப்பேன் தம்பி. பேரிங் தாங்குற கிராங்க் தண்டையும் கடிச்சிருச்சு. இதுக்குச் செய்யிற செலவுக்கு வண்டியே வராது.”

அப்பாவின் வண்டி. இருந்த நிலையிலேயே கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் உசிலம்பட்டியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. “மாப்ள, உங்க வண்டி எத்தன மணி நேரம் ஓடியிருக்கும்?” டிராக்டர் வைத்திருக்கிறவர் அவர். டிராக்டரில் கிலோமீட்டர் பார்த்து யாரும் ஆயில் மாற்ற மாட்டார்கள், மணி மீட்டர்தான் கணக்கு, அவருடைய டிராக்டருக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை. நான் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்கர சாலையில் சராசரி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு 10,000 கிலோமீட்டர் என்பது 125 மணி நேரம். ஊருக்குள் சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து சராசரி 20 கிலோமீட்டரில் ஊர்கிறவனுக்கு அதே 10,000 கிலோமீட்டர் 500 மணி நேரம். மீட்டர் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆனால் ஒருவனுடைய ஆயில் நான்கு மடங்கு நேரம் வெந்திருக்கிறது. கோரிப்பாளையத்தில் பாலம் வேலை நடந்த நாட்களில் ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறோமே, அந்த அரை மணியும் மீட்டரில் ஏறாது.

இதைவிட மோசம் என்னுடைய மூன்று கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் ஆவியாக உண்டாகிறது, அதில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கிவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும், எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து அங்கேதான் சேரும். ஆயில் நன்றாகச் சூடேறி கொஞ்ச நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியே போய்விடும். ஆயில் அந்தச் சூட்டுக்கு வருவதற்குள் நான் ஆபீசில் வண்டியை அணைத்திருப்பேன். மதுரை வெயிலில் எல்லாம் தானாகச் சூடாகிவிடாதா என்று கேட்கலாம். வெளியே 40 டிகிரி அடித்தாலும் ஆயிலுக்கு வேண்டிய சூட்டில் பாதிகூட இல்லை அது. இப்படி மூன்றரை வருடம் தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்து, ஆயிலைச் சுத்தமாக வைத்திருக்கப் போட்ட ரசாயனமெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் அந்த வெல்லப்பாகு. நிறையக் கம்பெனிப் புத்தகங்களில் கடினப் பயன்பாடு என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும், அதில் தூசி, நெரிசல், பாரம் இழுப்பது இவற்றோடு குறுகிய தூர ஓட்டத்தையும் சேர்த்து, ஆயில் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுகிறேன் என்று நினைத்த நான் அந்த அட்டவணைக்காரன்.

சரி, புது வண்டிக்கு வருகிறேன்.

ஆடியில் ஒன்றும் வாங்கக்கூடாது என்றாலும் பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள் என்று 2025 ஆகஸ்ட் 3 அன்று புக்கிங் போட்டோம். 1,200 சிசிக்குள், நான்கு மீட்டருக்குள் ஒரு சின்ன பெட்ரோல் வண்டி. பிள்ளையார் சதுர்த்திக்குக் கையில் சாவி என்றார்கள் ஷோரூமில். அதற்குள் ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பிரதமர் அறிவித்துவிட்டார், செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவு செய்து, 22-ஆம் தேதியிலிருந்து நடைமுறை என்றது. சின்ன பெட்ரோல் வண்டிக்கு 28 சதவீதமும் செஸ் 1 சதவீதமும் இருந்தது 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை ஆறு லட்சம் என்றால் 66,000 ரூபாய் மிச்சம். அதுவரை பொறுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நானாகத்தான் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. 22-ஆம் தேதிக்குப் பிறகு கூட்டமான கூட்டம். ஆயுத பூஜைக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள், கொடுக்கவில்லை. தீபாவளிக்கு நிச்சயம் என்றார்கள், தீபாவளி அன்று போனை எடுக்கவில்லை. ஒரு நாள் டிரெய்லர் கிடைக்கவில்லை, இன்னொரு நாள் அந்த நிறம் ஃபேக்டரியில் வரவில்லை, அடுத்த நாள் சிஸ்டத்தில் காட்டுகிறது ஆனால் ஸ்டாக்யார்டில் இல்லை. ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடம் போகிற மகள் தினமும் சாயங்காலம் கேட்பாள், “அப்பா, நம்ம கார் வந்துருச்சா?”

இந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டது, நாம் ஷோரூமில் போடுகிற புக்கிங் ஃபேக்டரிக்குப் போடுகிற ஆர்டர் இல்லை என்பது. ஃபேக்டரி எந்த வேரியன்ட்டில் எந்த நிறம் எத்தனை என்று தன் கையில் இருக்கும் பாகங்களைப் பார்த்துத்தான் ஓட்டும். 2021, 22-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது உலகம் முழுக்க வண்டிகள் நின்றதும் இப்படித்தான், ஒரு சின்ன சில்லு இல்லையென்றால் முழு வண்டியும் வெளியே வராது. அப்படி வருகிற வண்டிகள் டீலர்களுக்குப் பிரித்து அனுப்பப்படும், டீலர் தன்னிடம் உள்ள பட்டியலுக்கு ஒதுக்குவார். அந்த ஒதுக்கீடு நடந்தால்தான் உங்கள் பெயரில் ஒரு சேஸிஸ் நம்பர், அதாவது அந்த ஒரு வண்டிக்கே உரிய அடையாள எண், விழும். அதனால் இனி யாராவது என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான்: தேதியைக் கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள், “எனக்கு அலாட் ஆன சேஸிஸ் நம்பர் என்ன?” என்று கேளுங்கள். நம்பர் சொல்ல முடியவில்லை என்றால் வண்டி உங்களுக்கு இன்னும் இல்லை, அந்தத் தேதி வெறும் ஆறுதல். நிறத்தில் பிடிவாதம் இல்லை என்றால் முதலிலேயே இரண்டு நிறம் எழுதிக் கொடுங்கள். பேசுவதையெல்லாம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். முழுப் பணத்தையும் சேஸிஸ் நம்பர் வரும்வரை கட்டாதீர்கள்.

நவம்பர் கடைசி வாரம் நம்பர் வந்தது. மார்கழி பிறந்தால் தை வரை வீட்டில் விடமாட்டார்கள் என்பதால் எனக்கு அவசரம்தான், ஆனாலும் வண்டியைப் பார்க்காமல் இன்வாய்ஸ் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்டாக்யார்டுக்கே போனேன். புழுதி அப்பி, முன்கண்ணாடியில் யாரோ விரலால் கோடு இழுத்த தடத்தோடு நின்றது. சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, பல கம்பெனிகளில் அதில் பத்தாவது எழுத்து வருடத்தைக் குறிக்கும், 2025 என்றால் எஸ். வருடம் சரி. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் ஸ்டெப்னியிலும் 2925, 3025 என்று இருந்தது, ஜூலை மாத டயர். தயாரிப்பு மாதம் எது என்று கேட்டதற்கு கொஞ்சம் தயங்கி, ஆகஸ்ட் என்றார் விற்பனைப் பிரிவுத் தம்பி. வேறு ஒருவருக்கு ஒதுக்கியதாம், அவருக்கு லோன் வரவில்லையாம். அதாவது நான் நிறம் இல்லை, டிரெய்லர் இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்த வண்டி இதே வெயிலில் நின்றிருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இன்னும் முழுதாக விட முடியவில்லை.

பெயிண்ட், கண்ணாடி, ரப்பர் பீடிங், பேட்டரி எல்லாம் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டோம். பாண்டி கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, திருநகர் வந்து சேர்ந்தபோது தெருவே வெளியே வந்து நின்றது.

வாரண்டி நமக்கு டெலிவரி ஆன நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஆனால் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலுக்கு அந்தத் தேதி தெரியாது, அது ஃபேக்டரியில் ஊற்றப்பட்ட நாளிலிருந்து உள்ளே இருக்கிறது. சும்மா நின்றால் ஆயில் பெரிதாகக் கெட்டுவிடாது. ஆனால் ஸ்டாக்யார்டில் வண்டி சும்மாவும் நிற்பதில்லை, பின்னால் நிற்கும் வண்டியை எடுக்க இதை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி அணைப்பார்கள், மறுநாள் மறுபடி. என் பழைய வண்டியைக் கொன்ற அதே குளிர்ந்த ஓட்டம்தான், இன்னும் குறுகலாக. புது இன்ஜினில் உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று படிந்து வரும்போது உதிர்கிற நுண்ணிய துகளும் அதே ஆயிலில்தான் கிடக்கும், ஃபில்டர் பெரும்பாலானதைப் பிடித்துவிடும் என்றாலும். அதனால் அந்தக் கடினப் பயன்பாட்டு அட்டவணைப்படி ஒரு வருடத்தில் பாதி, ஆறு மாதம் என்று வைத்து, அதை இன்வாய்ஸ் தேதியில் இருந்து எண்ணாமல் ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு மாதத்தில் இருந்து எண்ணினேன். ஆகஸ்ட்டில் இருந்து ஆறு மாதம், மாசி. டெலிவரி தள்ளிப்போனால் காத்திருந்த நாளோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை, அது ஆயில் தேதியையும் முன்னால் இழுக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் சர்வீஸ் 1,000 கிலோமீட்டரில் முடிந்திருந்தது. ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் ஃப்ரீ, ஆயில், ஃபில்டருக்குக் காசு உண்டு. அந்த முதல் சர்வீஸில் பெரும்பாலும் ஆயில் மாற்றவும் மாட்டார்கள், பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். அதற்கு நடுவில் இன்ஜின் ஃப்ளஷ், கோட்டிங், ட்ரீட்மென்ட் என்று ஒரு பட்டியல் நீட்டினார்கள், புத்தகத்தில் இல்லாத எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு தடவை ஆயில் மாற்றலாம், இன்ஜினுக்கு அதைவிட நல்லது வேறு இல்லை.

ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற கிரேடு விஷயத்தில் பழங்காநத்தம் அண்ணனோடு எனக்குச் சின்ன வாக்குவாதம். புது வண்டிக்கு 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது. “தண்ணி மாதிரி இருக்கு தம்பி, நம்ம ஊரு வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க” என்றார். அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை, ஆனால் இதில் நான் புத்தகத்தின் பக்கம். இரண்டாவது எண் ஆயில் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான குறி. இன்ஜின் சூடேறிய பிறகு தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும், கொடைக்கானல் ஆனாலும் மதுரை ஆனாலும் உள்ளே வித்தியாசம் கொஞ்சம்தான். இந்தக் கால இன்ஜினில் ஆயில் போகும் துளைகள் சின்னது, வால்வு நேரத்தை மாற்றுகிற அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே போய்ச் சேர நேரமாகும், தேய்மானம் அந்த நேரத்தில்தான் அதிகம். அண்ணன் கேட்டுவிட்டு, “சரி, புக்குல போட்டத ஊத்து, ஆனா டயத்துக்கு மாத்து” என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை, நான் நின்றேன். சீல் உடைக்காத கேன்தானா என்று பாருங்கள், காலி கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதே கேன் போலி ஆயிலோடு இன்னொருவன் இன்ஜினுக்குப் போகும். அடியில் இருக்கும் டிரெய்ன் போல்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில ரூபாய் சமாச்சாரம், பழையதையே போட்டு ஒழுகாமல் இருக்க முரட்டுத்தனமாக முறுக்கினால் அலுமினிய சம்பில் மரை போய்விடும். பழைய ஆயிலைச் சிலர் கரையானுக்கு என்று வாங்கிப் போய் மரத்தில் அடிப்பார்கள், வாய்க்காலில் மட்டும் யாரையும் ஊற்றவிடாதீர்கள்.

மீதி எல்லாம் வீட்டிலேயே பார்க்கிற வேலை. மாதத்தில் முதல் ஞாயிறு, வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து சமமான இடத்தில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் விட்டு ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுக்க இறக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல், கிராங்க் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. நிறம் கறுத்ததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தன்னோடு தூக்கி வைத்திருக்கும் நல்ல ஆயிலும் கறுக்கும், டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அளவு ஏறிக்கொண்டே போனாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ உடனே காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிற மாதிரி வண்டியை வெளியே எடுங்கள். நான் வெள்ளிக்கிழமை கோயில் முடிந்ததும் ரிங் ரோட்டில் ஒரு நடை போய்த் திரும்புகிறேன்.

அடுத்த ஆயில் ஆவணி என்று வீட்டுக் காலண்டரின் பின்னட்டையில் எழுதியிருக்கிறேன், கிலோமீட்டர் எழுதவில்லை. நேற்று முதல் ஞாயிறு. மகள்தான் பனியன் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, இறக்கி, எடுத்து அவளிடமே காட்டினேன். தேன் நிறத்தில், மேல் குறிக்கு ஒரு நூல் கீழே நின்றது.